சங்கிலிப் பல்லை ராவிய நாட்கள்

5 ஜனவரி 2025, ஞாயிறு, பட்டுக்கோட்டை

காணும் பொங்கலன்று மரம் வெட்டுகிறவர்கள் எங்களுக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொள்வதென்று பேசி முடித்திருக்கிறோம். இலவமரக் கட்டையில் மேலிருந்து கீழே அறுத்து வட்டமாக ஒரு வில்லை, கீழிருந்து மேலே அறுத்து ஒரு வில்லை. மரம் அறுக்கும் சங்கிலி ரம்ப மிஷினும் அதன் சங்கிலியும் அவரவருடையவை. டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்ற வெளிநாட்டு மரவெட்டுப் போட்டியின் ‘ஸ்டாக் சா’ பிரிவிலும் இதே இரண்டு வில்லைகள்தான் என்றாலும், அங்கே எல்லோருக்கும் ஒரே வகை மிஷின் என்பதால் சங்கிலியைத் திருத்த இடமில்லை. திருத்தும் கலையெல்லாம் மூன்று வில்லை வெட்டும் ‘ஹாட் சா’ பிரிவோடு சேர்ந்தது.

8 ஜனவரி, புதன்

சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பார் எனக்கு இருபது அங்குலம்; அதற்குரிய சங்கிலியில் 36 வெட்டுப் பற்கள். இடம் 18, வலம் 18. பாரை வைஸில் இறுக்கிக்கொண்டு, எல்லாவற்றிலும் குட்டையான பல்லை வெர்னியரால் அளந்து, மற்றவற்றை அந்த நீளத்துக்கு 5.5 மி.மீ. உருட்டு அரத்தால் ராவினேன். உள்ளிருந்து வெளியே மட்டுமே தள்ள வேண்டும்; திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். சவுக்குக்கு அரத்தை 25 டிகிரி சாய்வில் வைப்பேன். இலவு மெத்தென்ற மரம் என்பதால் 30. ஒரு பக்கப் பற்கள் நீண்டு மறுபக்கம் குறைந்தால், அறுப்பு நேராக இறங்காமல் ஒருபுறம் வளைந்துகொண்டே போகும். வேலைக்கே அது தொல்லை. பந்தயத்தில் கேட்கவே வேண்டாம்.

11 ஜனவரி, சனி

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் மேடான டெப்த் கேஜ்தான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. பல்லின் உச்சியைவிட அது வழக்கமாக 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும்; இலவுக்காக அதைவிடச் சிறிது இறக்கினேன். பந்தயக்காரர்கள் இத்துடன் நிற்பதில்லை. பல்லின் பின்புறத்தையும் உட்புறத்தையும் தேய்த்து எடைகுறைத்து, உராயும் இடங்களையெல்லாம் மெருகேற்றுகிறார்கள். நான் அதைத் தொடவில்லை. சங்கிலியை இழுக்கும் ஏழு பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றினால் சங்கிலி வினாடிக்குச் சுமார் 22 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் மெலிந்த சங்கிலி அறுந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பல்லின் வடிவமே ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946-இல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, வண்டின் புழு ஒன்று இடமும் வலமுமாகக் கடித்து மரத்துக்குள் வழி போடுவதைக் கவனித்து, அதைப் போலவே பற்களை அமைத்து, மறு ஆண்டே போர்ட்லாந்தில் தொழில் தொடங்கினார். தென்னந்தோப்புக்காரர்களான எங்களுக்குப் புழு என்றாலே கூன்வண்டுப் புழுவும் நட்டக் கணக்கும்தான் நினைவுக்கு வரும்.

13 ஜனவரி, போகி

மாமா பட்டறைக்கு வந்தார். சங்கிலியை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. “பல்லைக் காட்டாதே தம்பி, தூளைக் காட்டு” என்றார். கட்டையில் ஒரு வெட்டு வெட்டினேன். மாவாக உதிராமல் சதுரச் சீவல்களாக விழுந்ததை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, “இதோட தென்னைப் பக்கம் போயிடாதே” என்றார். அவர் சொன்னது சரிதான். தென்னையின் வெளிவைரத்தில் மணலிலுள்ள சிலிக்கா உண்டு. பட்டையிடுக்கில் மண்ணும் சேர்ந்திருக்கும். என் சங்கிலியின் கூர்மூலைப் பல் அங்கே சீக்கிரமே மழுங்கிவிடும். கஜா புயல் 2018-இல் சாய்த்த தோப்புகளை அறுத்த நாட்களில், மூலை உருண்ட பல்லுள்ள சங்கிலியே எங்களுக்குக் கைகொடுத்தது.

16 ஜனவரி, வியாழன்

பந்தயத்தில் மாமா முதலிடம், நான் இரண்டாவது. பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி டெப்த் கேஜைத் தரைமட்டத்துக்கு ராவி வந்திருந்தான். அவனுடைய சிறிய மிஷின் அந்தக் கடிக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதிக் கட்டையில் திணறி நின்றதோடு, கீழிருந்து மேலே வெட்டும்போது அவனை நோக்கி உதறவும் செய்தது. நல்லவேளையாகச் சங்கிலி பிரேக் விழுந்தது. எஞ்சினின் பலத்துக்கு ஏற்பத்தான் கேஜை இறக்க வேண்டும் என்று மாமா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மிஷின்களை எஞ்சின் அளவான சிசி வாரியாகப் பிரித்து நிறுத்துவதென்றும், தலைக்கவசமும் சங்கிலி வெட்டாமல் காலைக் காக்கும் உறையும் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை என்றும் முடிவாயிற்று.