பிள்ளையின் கோப்பில் அம்மாவுக்கு இடமில்லை

மலேசியாவில், பினாங்குப் பெருநிலத்தில் உள்ள ஓர் ஆரம்பகால இடையீட்டு மையத்தில், அதாவது வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பயிற்சி தரும் இடத்தில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். தவழாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை என்று பலரும் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு உண்டு. கழுத்து நின்ற மாதம், உட்கார்ந்த மாதம், சொல்லும் சொற்கள் எல்லாம் அதில் பதிவாகும். பிள்ளையைத் தூக்கி வருபவர் இரவில் தூங்குகிறாரா, அதோடு விளையாட அவருக்கு மனம் வருகிறதா என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. என் மனக்குறை இதுதான்.

கைக்குழந்தைக்கு ஏது மனநலம் என்று கேட்பவர்கள் உண்டு. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் செய்த சோதனையை அவர்களுக்குச் சொல்வேன். கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சிறிது நேரம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். தாய் மறுபடி கொஞ்சியதும் மெல்லத் தேறும். கடும் மனச்சோர்வில் இருக்கும் தாயின் முகம் அப்படியே வாரக்கணக்கில் இறுகிப் போகக்கூடும். அது அவர் குற்றமன்று. ஆனால் அவருக்கு உதவாமல் பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

ஓர் இளம் தாய் வாரந்தோறும் மகனை அழைத்து வருவார். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் படம் காட்டிப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாளை ஒழுங்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த வாரமும் அதே மடிப்போடு அது பையில் இருக்கும். ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று கோப்பில் ஏறிவிட்டது. ஒருநாள் மகனின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல், “இவனுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு தோணுது அக்கா. பாட்டிகிட்ட சிரிக்கிறான், என்கிட்ட வர மாட்டேங்கிறான்,” என்றார். மாமியாரோ, “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று பேச்சை முடித்துவிடுகிறாராம். எங்கள் மதிப்பீட்டுத் தாள் எதிலும் கிடைக்காத செய்தி அது.

பிள்ளை பெற்றவளைக் கவனிக்கத் தெரியாத சமூகமன்று நம்முடையது. பத்தியச் சமையல், மஞ்சள் குளியல், துணைக்கு ஆள் என்று 40 நாள் தாங்குகிறோம். 2023 முதல் தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 98 நாளாகியிருக்கிறது. ஆனால் வளர்ச்சி பற்றிய சந்தேகம் எழுவது பெரும்பாலும் அதற்கு வெகுநாள் கழித்து, 18 மாதத்தில் அரசு கிளினிக்கில், ஆட்டிசம் அறிகுறிகளைக் கண்டறியும் எம்-சாட் கேள்வித்தாளை நிரப்பும்போதுதான். தாங்க வந்தவர்கள் எல்லாரும் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு. அதுபோன்ற ஒன்றைப் பிள்ளையின் குறைபாடு உறுதியான பிறகு, இடையீட்டு மையமே மறுபடி கேட்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் பேசுபவர் தமிழில் கேட்க வேண்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. பத்தாவது கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மற்றவர் முன்னால் பதில் வந்துவிடாது. கேட்டுவிட்டுக் கைகழுவுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம் என்பதால், கிளினிக் மருத்துவருக்கும், அரசின் சமூக மனநல மையமான மெந்தாரிக்கும் அனுப்பும் வழியை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். 15555 என்ற மனநல உதவி எண்ணையும் கையில் கொடுக்கலாம். தந்தையரையும் கேட்க வேண்டும். பலர் காரைவிட்டு இறங்குவதே இல்லை என்பது வேறு கதை.

அமெரிக்காவின் மிச்சிகனில் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃபிரைபெர்க் 1970களில் வீடுகளுக்கே சென்று, சமையலறையில் உட்கார்ந்து, தாயையும் சேயையும் ஒன்றாகவே கவனித்தார். பிரசவமானவரை வீடு தேடிச் சென்று பார்க்கும் தாதியர் நமக்கும் இருக்கிறார்கள். அந்த வழக்கத்தை மூன்று வயது வரை நீட்டிப்பது பெரிய புதுமையன்று.

பணியாளர்களும் இதில் அடக்கம். ஒரு தாய் அழுதுவிட்டுப் போன கையோடு அடுத்த பிள்ளையின் முன் சிரித்த முகமாக உட்காருவது எளிதன்று. அனுபவம் மிக்க ஒருவரோடு அமர்ந்து மனம்விட்டுப் பேசும் நேரம், இத்துறையில் தேர்ந்த மையங்களில் வேலையின் பகுதியாகவே கருதப்படுகிறது. இங்கே அந்த நேரம் அறிக்கை எழுதுவதில் போய்விடுகிறது. விளையாட்டுச் சாமான்களுக்குப் பணம் திரட்டும் மையங்கள் அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும். புதிய பந்துத் தொட்டி ஓராண்டு தாமதமாக வந்தால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போய்விடாது.