உங்கள் உடம்பு என்று சொன்னது

"அப்போ என் உடம்பேதான் எம் புள்ளைய வெளிய தள்ளிருச்சா, டாக்டரம்மா?" என்று அவர் கேட்ட கேள்வியை, பல ஆண்டுகள் கடந்தும், என்னால் ஒதுக்கிவைக்க இயலவில்லை.

30 வாரக் கர்ப்பம். நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. ஆன்டிபயாடிக் ஏற்றியதும் காய்ச்சல் இறங்கியது. பிரசவ வலி நிற்கவில்லை. குழந்தையின் நுரையீரலுக்கான நான்கு டெக்சாமெத்தசோன் ஊசிகளில் இரண்டு போடுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

மறுநாள் அவருடைய மாமியார் பப்பாளிப் பழத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நிறுத்துவதற்காகவே நான் விளக்கத் தொடங்கினேன். அக்கிருமியின் மேலுறையிலேயே எண்டோடாக்சின் என்னும் நச்சு இருக்கிறது. கிருமி செத்துச் சிதையும்போதும் அது வெளிப்படும். தாயின் தற்காப்பு அணுக்கள் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியின் வழியாக அதை இனங்கண்டு அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைச் சுரக்க, அவை வலியைக் கிளப்பும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களைப் பெருக்க, கருப்பை சுருங்கி, கருப்பைவாய் இளகுகிறது. இதையெல்லாம் சுருக்கி, "கிருமியை எதிர்த்து உங்கள் உடம்பு போட்ட சண்டையே வலியைக் கிளப்பிவிட்டது, அம்மா" என்றேன். பழியைப் பழத்திலிருந்து எடுத்து அவர் உடம்பின்மேல் வைத்துவிட்டேன் என்பது, அவர் அக்கேள்வியைக் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது.

நான் சொன்னது பொய்யன்று. வெளிப்படையான தொற்று இல்லாமல், பனிக்குடம் உடையாமல், குறைமாத வலி கண்டவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆரக்கிள் ஆய்வில் பலன் கிட்டவில்லை. மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு ஏழாம் வயதில், 2008இல் வெளியான முடிவில், பெருமூளை வாதம் சற்று அதிகமாகவே காணப்பட்டது. எங்கள் நோயாளிக்குச் சிறுநீரகத்திலேயே தொற்று இருந்ததால், மருந்து தவிர்க்க முடியாதது. ஆனாலும் கிருமியைக் கொல்வதும், அது மூட்டிய அழற்சியைத் தணிப்பதும் வேறுவேறு என்றே நான் புரிந்துகொண்டிருந்தேன்; அதை அவரிடம் மறைப்பது முறையன்று என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்படியானால் மற்றதை ஏன் சொல்லவில்லை? அவருடைய கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையில், சிறுநீரில் சர்க்கரை, உப்பு பார்த்த குறிப்பு மட்டுமே இருந்தது. தொடக்க மாதங்களில் சிறுநீர்க் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்திருந்தால், அறிகுறியில்லாத தொற்றைக் கண்டு முன்பே குணப்படுத்தியிருக்கலாம். 'உங்கள் உடம்பு' என்ற சொல் எங்கள் தவறுதலை மூடுவதற்கு எனக்கு வசதியாக இருந்ததோ என்ற ஐயம் போகவில்லை. அப்போது அந்த அட்டை என் கையில்தான் இருந்தது.

மூன்றாம் நாள், பால் பீய்ச்சும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "இந்த உடம்புப் பாலைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். "கொடுங்கள், அம்மா" என்றேன். வேறு எதையும் விளக்க எனக்குத் துணிவில்லை.