ஈ ஓட்டிய பத்து நாள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பள்ளிக்கூட லீவு நாட்களில் போகிறவன் வருகிறவன் எல்லாம் "என்னண்ணே, ஈ ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவான். சிரித்து வைப்பேன். போன ஆடியில் வீட்டில் நிஜமாகவே ஈ ஓட்ட வேண்டி வந்த பிறகுதான் தெரிந்தது, அது சும்மா இருக்கிறவன் செய்கிற வேலையே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து சகலை போன் பண்ணினார். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு வருகிறாராம். எங்கள் வீட்டில் தங்கி, விடிவதற்குள் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுகி, அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுத் திரும்புவது ஏற்பாடு. வரட்டும், சந்தோஷம். ஆனால் சகலை ஆடி மாதம் கவிச்சி தொடமாட்டார். சுத்தமும் ஒரு படி கூடுதல். டம்ளர் விளிம்பில் ஈ உட்கார்ந்தால் டீயை விட்டுவிட்டு டம்ளரையே மாற்றச் சொல்வார். எங்கள் வீட்டிலோ அப்போது ஈயை விலக்கிப் பார்த்தால்தான் டம்ளர் எங்கே இருக்கிறது என்றே தெரியும். அமாவாசைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

குற்றவாளி யார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அம்மாதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்வர ஆரம்பித்ததும், ஒரு கூடை நெத்திலி வாங்கி உப்பில் புரட்டி மொட்டை மாடியில் காயப்போடுவது அவள் வழக்கம். மேலே காக்காய்க்காக ஒரு பழைய வலை.

"உன் கருவாடுதாம்மா ஈயைக் கூப்பிடுது."

"ஈ மொய்க்காத மீனுக்குத்தான்டா பயப்படணும். மருந்தடிச்சிருப்பான்."

அம்மாவை வாதத்தில் ஜெயித்தவர் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. நான் தனியாகப் போரைத் தொடங்கினேன்.

முதலில், புரோட்டா கடையில் பார்த்த மாதிரி பாலிதீன் பையில் தண்ணீர் பிடித்து வாசலில் தொங்கவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒரு ஈ வந்து அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டது. ஈ காலால்தான் ருசி பார்க்குமாம். அதனால் ஓயாமல் காலைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. பந்திக்கு முன்னால் கை கழுவும் மாப்பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு. சாம்பிராணி போட்டோம், நாங்கள் இருமினோம். ஈக்கள் ஜன்னல் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. கொசு பேட்டால் மனைவி விளாசியதில் இரண்டு ஈயும் ஒரு பீங்கான் கிண்ணமும் போயின.

அப்புறம்தான் பசை அட்டை. பளபளவென்று தேன் தடவிய மாதிரி ஒரு மஞ்சள் அட்டை. இரண்டு வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். பத்து நிமிஷத்தில் ஏழு ஈ! பிள்ளைகளைக் கூப்பிட்டு எண்ணிக் காட்டினேன். நான் மறந்தது ஆடிக் காற்றை. மண்டபத்தில் ஆடிக் காற்று ஆளையே நகர்த்தும், அட்டை எம்மாத்திரம்? ஒன்று பறந்து போய், அப்பா கோயிலுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த வேட்டியில் ஏழு ஈயோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்று சுவரோரம் விழுந்தது. காலையில் பார்த்தால் அதில் ஒரு பல்லி, நான்கு காலும் பசையில், கண் மட்டும் என்னைப் பார்த்தபடி.

"ஈயைப் பிடிச்சுத் தின்ன ஒரு ஜீவன் வீட்ல இருந்துச்சு. அதையும் பிடிச்சுட்டியே" என்றாள் அம்மா.

பசை எண்ணெய்க்குத்தான் இளகும். காது குடையும் பஞ்சுக்குச்சியை நல்லெண்ணெயில் தோய்த்து, ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். முக்கால் மணி நேரம். நான்காவது கால் விடுபட்டதும் அது வாலை மட்டும் எனக்கு விட்டுவிட்டு ஓடியது. வால் தனியாகக் கொஞ்ச நேரம் துள்ளிக்கொண்டிருந்தது.

அமாவாசைக்கு ஆறு நாள் இருக்கும்போது, என் நச்சரிப்புத் தாங்காமல் அம்மா கருவாட்டை அள்ளி டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். மாடி காலி. ஈ மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

பக்கத்து வீட்டு லாத்தாதான் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உங்க கருவேப்பிலை இம்புட்டுத் தளதளன்னு இருக்கே, என்ன வைக்கிறீங்க?"

பெருமையாகச் சொன்னேன். இறால் தலை, ஓடு, மீன் செதில் எல்லாம். போனில் ஒரு வீடியோ பார்த்து, இரண்டு மாதமாகத் தூரில் போட்டு மேலே ஒரு கைப்பிடி மண் தூவி வருகிறேன்.

"எங்க, ஒரு குச்சியை விட்டுக் கிண்டுங்க பார்ப்போம்."

கிண்டினேன். பழைய சோற்றுக்கு உயிர் வந்த மாதிரி மண் நெளிந்தது. ஒரு ஈ ஒரு தடவைக்கே நூறு முட்டைக்கு மேல் இடும். நம் ஊர் வெக்கையில் முட்டை பத்து நாளுக்குள் ஈயாகிப் பறந்துவிடும். நான் வீட்டுக்குள் ஏழு ஏழாகப் பிடித்துக்கொண்டிருக்க, கொல்லையில் என் செலவிலேயே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இரவு பகலாக நடந்திருக்கிறது.

"யாருடா கூப்பிட்டது?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். திரும்பவே இல்லை.

கொதிக்கக் கொதிக்க ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் வாரி, முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்து மிதித்தேன். அன்றிலிருந்து மீன் கழிவைப் பையில் கட்டி அன்றன்றைக்கே குப்பை வண்டியில் போட்டோம். அமாவாசைக்குள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஈ குறைந்துவிட்டது.

சகலை வந்தார், ஒரே டம்ளரில் டீ குடித்தார், முழுகினார். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "ஆடி முடிஞ்சதும் சாப்பிடறோம்ங்க, நெத்திலி கொஞ்சம் கிடைக்குமுங்களா?" என்றார். அம்மா முகமெல்லாம் பல்லாகக் கட்டிக் கொடுத்தாள். கூடவே இரண்டு கொத்துக் கருவேப்பிலையும்.

அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன வாசமுங்க! என்ன உரம் போடறீங்க?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் துண்டை எடுத்து, அங்கே இல்லாத ஒரு ஈயை விரட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.