குளம்படி சொன்ன பொய்

தமிழ்வழி மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். உள்நாட்டுப் போர் என்றால் லிங்கன், கெட்டிஸ்பர்க், அடிமை ஒழிப்பு என்று குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போகவே மாணவர்கள் தயாராக இருப்பார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனாலும் கிரியர்சனின் குதிரைப்படைத் தாக்குதலைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

1863 ஏப்ரல். வட தரப்புத் தளபதி கிராண்ட், மிசிசிப்பி ஆற்றைக் கடந்து, தென் தரப்பின் ஆற்றங்கரைக் கோட்டை நகரமான விக்ஸ்பர்க்கைப் பிடிக்க வேண்டும். தென் தரப்புத் தளபதி பெம்பர்ட்டனின் பார்வை ஆற்றின் பக்கம் திரும்பிவிடக் கூடாது. அதற்காக ஏப்ரல் 17 அன்று டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து 1,700 குதிரை வீரர்கள் தெற்கே கிளம்பினார்கள். தலைமை தாங்கிய பெஞ்சமின் கிரியர்சன் போருக்கு முன் இசை ஆசிரியர். சிறுவயதில் குதிரையிடம் முகத்தில் உதை வாங்கியவர்.

கரும்பலகையில் வரைபடம் போட்டு நான் நிதானமாகச் சொல்வது அடுத்த சில நாட்களைத்தான். உடம்புக்கு முடியாதவர்களை கிரியர்சன் வந்த வழியே திருப்பி அனுப்பினார். நான்கு நான்கு பேராக வரிசைகட்டிப் போகச் சொன்னார். வரும்போது பதிந்த தடங்களை அவர்களுடைய குளம்படி அழித்துவிடும். பார்ப்பவன் மொத்தப் படையும் திரும்பிவிட்டது என்று நினைப்பான். மறுநாள் கர்னல் ஹாட்சின் அயோவா படையைத் தனியே பிரித்துவிட்டார். அவர்கள் ஒரே பீரங்கியைப் பல இடங்களில் சேற்றில் திருப்பி, பல பீரங்கிகள் வந்துபோனதுபோல் சக்கரத் தடம் பதித்தார்கள். துரத்தி வந்தவர்கள் ஹாட்சின் பின்னால் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 24. விக்ஸ்பர்க்குக்குச் சரக்கு போகும் பாதையில் இருந்த நியூட்டன் நிலையத்தில் இரண்டு ரயில்களைப் பிடித்து எரித்தார்கள். தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். பெம்பர்ட்டனின் குதிரைப்படையில் பெரும்பகுதி ஏற்கெனவே டென்னசிக்குப் போயிருந்தது. கையில் மிச்சமிருந்த காலாட்படையை அவர் இங்கும் அங்கும் ஓடவிட்டார். ஏப்ரல் 30 அன்று கிராண்ட் புரூயின்ஸ்பர்க்கில் எதிர்ப்பில்லாமல் கரையேறினார். மே 2 அன்று கிரியர்சன், சுமார் 600 மைல் கடந்து, வட தரப்பின் கையிலிருந்த பேட்டன் ரூஜ் நகரம் சேர்ந்தார். விக்ஸ்பர்க் ஜூலை 4இல் விழுந்தது.

"எத்தனை பேர் செத்தாங்க சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரும். கிரியர்சன் பக்கம் மூன்று பேர் என்றால் பையன்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கோ அந்த மூன்று என்ற எண்தான் பெரிதாகப்படுகிறது. ஆள் பலத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் படை பாதி வழியிலேயே அழிந்திருக்கும்.

ஒருமுறை ஒரு மாணவி, "அந்த ஊர்ல அடிமையா இருந்தவங்க என்ன பண்ணாங்க சார்?" என்று கேட்டாள். தோட்டங்களை விட்டு வெளியேறிய நூற்றுக்கணக்கானோர் கிரியர்சன் படையின் பின்னாலேயே பேட்டன் ரூஜ் வரை வந்தார்கள். படைக்குப் பயணம் முடிந்த இடத்தில் அவர்களுக்கு விடுதலை. 1866இல் கறுப்பின வீரர்களைக் கொண்ட 10ஆவது குதிரைப்படை உருவானபோது அதன் கர்னலாக வந்தவரும் இதே கிரியர்சன். அவள் கேட்டதிலிருந்து, இந்தப் பகுதிக்குத்தான் வகுப்பில் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.