ராட்டன் கணவாய்க்கு முன் ஒரு எடைக் கணக்கு

டல்லாஸிலிருந்து கொலராடோவின் டிரினிடாட் ஏரிப் பூங்காவுக்கு எங்கள் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரை (பிக்கப் வண்டி இழுத்துச் செல்லும் முகாம் வீடு) இழுத்துச் செல்வதென்று முடிவானதும், பாதையையும் முகாமிடத்தையும்விட வீட்டில் அதிகம் பேசப்பட்டது ட்ரெய்லரை வண்டியுடன் பிணைக்கும் ஹிட்சைப் பற்றித்தான். சாதாரண ட்ரெய்லர் வண்டியின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளும். ஃபிஃப்த் வீலோ பிக்கப்பின் பின்னால் உள்ள திறந்த சரக்குத் தொட்டிக்குள், ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே உட்காருவதால், தன் எடையில் 15 முதல் 25 சதவீதத்தை வண்டியின் முதுகில் ஏற்றிவிடுகிறது.

ஆகவே கணக்கை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து 2,350 பவுண்டைத் தாண்டக் கூடாது என்கிறது எங்கள் டீசல் வண்டியின் ஸ்டிக்கர். சாமான் ஏற்றிய ட்ரெய்லர் 9,000 பவுண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கான 1,800 பவுண்டு, ட்ரெய்லரின் முன்பக்கத்தில் கீழ்நோக்கி நிற்கும் இணைப்பு முளையான கிங்பின் வழியாக வண்டியின் மேல் இறங்குகிறது. நாங்கள் இருவரும் 300 பவுண்டு என்றால், மிச்சம் 250தான். முதலில் பார்த்த இரும்பு ஹிட்ச் 200 பவுண்டை ஒட்டியிருந்தது. அதைப் பொருத்திவிட்டுக் கருவிப் பெட்டியை எங்கே வைப்பது? விளம்பரங்கள் இழுவைத் திறனைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. பெரும்பாலான வண்டிகளில் முதலில் தீர்ந்துபோவது இந்தச் சுமைத் திறன்தான்.

ஆண்டர்சன் நிறுவனத்தின் அலுமினிய ஹிட்ச் சுமார் 35 பவுண்டு. வழக்கமான ஹிட்சில் கிங்பின்னைக் கவ்வும் தாடை கொண்ட தட்டுக்குப் பதிலாக, நாற்புறமும் சாய்ந்து எழும் ஒரு சட்டத்தின் உச்சியில் பந்து இருக்கிறது. ட்ரெய்லரின் கிங்பின்னில் புனல் வடிவக் கட்டை ஒன்றைப் பூட்டிவிட்டால், ட்ரெய்லரை இறக்கும்போது அந்தப் புனல் பந்தின் மேல் தானாக வந்து அமர்கிறது. கிரீஸ் பூசிய தட்டு இல்லாததால் சட்டை கறைபடுவதில்லை. முகாமில் ட்ரெய்லரைக் கழற்றிய பிறகு சட்டத்தை ஒருவராகவே தூக்கி இறக்கிவிட்டுத் தொட்டியில் விறகு ஏற்றலாம் என்பது, எடைக் கணக்கில் வராத ஆனால் முதுகுக்குத் தெரிகிற லாபம்.

குறைகளும் உண்டு. தொட்டியின் தரையில் கூஸ்நெக் பந்து எனப்படும் இணைப்புப் பந்து ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தை அதனுடன் இறுக்கும் போல்ட்டுகளை, குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடுக்கி, சிறிது தூரம் ஓடிய பின் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். வழியில் வண்டி பழுதாகி வேறொருவர் ட்ரெய்லரை இழுக்க வந்தால், அவருடைய வழக்கமான ஹிட்சில் நம் கிங்பின் நுழையாது. கட்டையைக் கழற்றியாக வேண்டும். ட்ரெய்லரின் அடிச்சட்டத்துக்கான உத்தரவாதம் இத்தகைய மாற்றத்தை ஏற்கிறதா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

அமரில்லோவில் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தின் எடைமேடையில் ட்ரெய்லருடன் ஒரு முறையும், அதைக் கழற்றிவிட்டு ஒரு முறையும் வண்டியை நிறுத்தினோம். இரண்டு சீட்டுகளிலும் வண்டியின் அச்சுகள் காட்டிய எடைக்கு இடையிலான வித்தியாசமே கிங்பின் சுமை. எங்கள் ஊகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது, ட்ரெய்லரின் முன்பக்க அறையில் அடைத்திருந்த தண்ணீர்க் கேன்களால்தான். அவற்றைப் பின்னுக்கு மாற்றிவிட்டு டால்ஹார்ட், கிளேட்டன் வழியாக 7,834 அடி உயர ராட்டன் கணவாயை ஏறினோம். பக்கக் காற்று பலமாக அடித்தும், பந்துப் பிணைப்பில் முன்பின் உலுக்கல் தெரியவில்லை. இறக்கத்தில் வேகத்தை அடக்கியது எஞ்சின் பிரேக்கும் ட்ரெய்லரின் பிரேக்கும்தான். அந்த வேலையில் எந்த ஹிட்சுக்கும் பங்கில்லை.