ஆதி தாளத்தைக் கைப்பேசியின் அதிர்வில் அமைத்துப் பார்த்தது

மிருதங்கம் பயில்வோருக்கான தாளச் செயலிகள் பல இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒலியையே நம்பியிருக்கின்றன. மதுரை திருநகரில் உள்ள தங்கை வீட்டில் அவள் மகன் சாதகம் செய்யும்போது, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி முழங்கத் தொடங்கியதும் செயலியின் 'டிக்' ஒலி அதில் அமுங்கிப் போகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டாலோ வாத்தியத்தின் நாதம் சரியாகக் கேட்பதில்லை. தாளத்தைக் காதுக்குத் தராமல் உடலுக்குத் தந்தால் என்ன என்ற எண்ணத்தில், வேட்டி மடிப்பில் செருகிய கைப்பேசியே தாளம் போடும்படி ஒரு சிறு செயலியை ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கினேன். அவனிடம் இருப்பது ஆண்ட்ராய்டு, அவனோடு பயிலும் நண்பனிடம் இருப்பது ஐபோன் என்பதால், இரண்டுக்கும் ஒரே நிரலில் எழுத ஃபிளட்டர் என்ற செயலி உருவாக்கக் கருவியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆதி தாளத்தில் எட்டு அட்சரங்கள், அதாவது எட்டு எண்ணிக்கைகள். முதலில் ஒரு தட்டு, அதன்பின் மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும், மீண்டும் தட்டும் வீச்சும். எட்டும் ஒரே மாதிரி அதிர்ந்தால் பயில்பவர் சமத்தை, அதாவது தாளம் தொடங்கும் இடத்தை, தவறவிட்டதும் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் திகைப்பார். ஆகவே தட்டு, விரல், வீச்சு ஆகிய மூன்றும் தொட்டால் பிரித்தறியக்கூடிய மூன்று அதிர்வுகளாக இருக்க வேண்டும். வேலையின் கடினமெல்லாம் இந்த ஒரு தேவைக்குள்தான் இருந்தது.

ஃபிளட்டரிலேயே அதிர்வுக்கென்று ஹாப்டிக் ஃபீட்பேக் என்ற நிரல் வகுப்பு இருக்கிறது. லைட் இம்பேக்ட், மீடியம் இம்பேக்ட், ஹெவி இம்பேக்ட், செலக்‌ஷன் கிளிக் என்று அதில் தயாரான அழைப்புகள் உள்ளன. ஐபோனில் இந்தப் பெயர்கள் சொல்வதையே செய்கின்றன. மென்மையும் கனமும் விரலுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. அங்கே லைட் என்பது 'விர்ச்சுவல் கீ' என்ற மாறிலியாகவும், மீடியம் என்பது 'கீபோர்டு டேப்' ஆகவும், ஹெவி என்பது 'கான்டெக்ஸ்ட் கிளிக்' ஆகவும் மாற்றப்படுகின்றன. இவை அதிர்வின் அளவைக் குறிப்பவை அல்ல, சந்தர்ப்பத்தைக் குறிப்பவை. அந்தச் சந்தர்ப்பத்தில் எப்படி அதிர வேண்டும் என்பதைக் கைப்பேசியைத் தயாரித்தவரே முடிவு செய்கிறார். பெரியார் பேருந்து நிலையம் அருகே எனக்குப் பழக்கமான பழுது பார்க்கும் கடையில் வெவ்வேறு கைப்பேசிகளை வாங்கி ஓட்டிப் பார்த்தபோது, சிலவற்றில் லைட்டுக்கும் ஹெவிக்கும் வேறுபாடே தெரியவில்லை. தொடுதல் அதிர்வை அமைப்புகளில் அணைத்து வைத்திருந்த கைப்பேசிகளில் எதுவுமே வரவில்லை. பயனரின் விருப்பத்தை மதிக்கும் அந்த நடத்தை சரியானதே. எனவே பொத்தான்களை அழுத்தும்போது வரும் சிறு அதிர்வுக்கு மட்டும் இந்த வகுப்பை வைத்துக்கொண்டு, தாளத்துக்கு, ஃபிளட்டரையும் கைப்பேசியின் இயங்குதளத்தையும் இணைக்கும் மெத்தட் சேனல் வழியாக இரு பக்கத்திலும் தனித்தனி நிரல் எழுதினேன்.

அடுத்தது நேரம். ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஃபிளட்டரின் நிரல்மொழியான டார்ட்டில் டைமர் ஒன்றை வைத்து இயங்குதளத்துக்குச் செய்தி அனுப்பும் முறையில், திரையில் ஏதேனும் வரைந்துகொண்டிருக்கும் வேளையில் அட்சரம் சற்றுப் பிந்துகிறது. ஓர் அறிவிப்புக்கான அதிர்வு சில மில்லிவினாடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. தாளத்தில் அந்தச் சொற்ப விலகல் கூடத் தெரிந்துவிடும். "மாமா, நாலாவது எண்ணிக்கை இழுக்குது" என்று பையன் சொன்ன பிறகு, ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முழுவதையும் ஒரே வடிவமாக இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடும் முறைக்கு மாறினேன். தொடங்குவது, நிறுத்துவது, வேகத்தை மாற்றுவது ஆகிய கட்டளைகளை மட்டுமே டார்ட் அனுப்புகிறது.

ஆண்ட்ராய்டில் இதற்கு உதவுவது 8.0 பதிப்பில் வந்த வைப்ரேஷன் எஃபெக்ட். அதன் கிரியேட் வேவ்ஃபார்ம் அழைப்பில் இரண்டு பட்டியல்களைத் தர வேண்டும்: ஒன்று மில்லிவினாடிகளில் கால அளவுகள், மற்றது 0 முதல் 255 வரையிலான வலிமைகள். மூன்றாவதாக, எந்த இடத்திலிருந்து மீண்டும் ஓட வேண்டும் என்ற எண். அதை 0 என்று வைத்தால் ஆவர்த்தனம் முடிந்ததும் சமத்துக்குத் திரும்பி, நிறுத்தும் வரை சுழன்றுகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1000 மில்லிவினாடி. அதில் தட்டுக்கு 60 மில்லிவினாடி அதிர்வும் 940 மௌனமும் என்று அமைத்தேன். செயலியின் மேனிஃபெஸ்ட் கோப்பில் அதிர்வுக்கான அனுமதியை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். பயனரிடம் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

வலிமையை மாற்றும் ஆற்றல் எல்லாக் கைப்பேசிகளிலும் இல்லை. விலை குறைந்த பலவற்றில் இருப்பது ஒரு பக்கம் எடை கூடிய சிறு மோட்டார். அது சுழலத் தொடங்கி வேகம் பிடிக்கவே பல பத்து மில்லிவினாடிகள் ஆகின்றன, நிறுத்தினாலும் உடனே நிற்பதில்லை. விலை கூடியவற்றில் சுருளும் காந்தமும் கொண்டு நேர்கோட்டில் ஊசலாடும் இயக்கி இருக்கும். அது சட்டென எழுந்து சட்டென அடங்கும். ஆப்பிள் 'டாப்டிக் எஞ்சின்' என்று அழைப்பதும் இவ்வகையே. ஹாஸ் ஆம்ப்ளிட்யூட் கன்ட்ரோல் என்று கேட்டால் வலிமையை மாற்ற முடியுமா என்பதைக் கைப்பேசியே சொல்லிவிடும். 'இல்லை' என்று வந்தால் நாம் கொடுக்கும் வலிமை எண்களால் பயனில்லை, எல்லாம் ஒரே அளவில்தான் அதிரும். அத்தகைய கைப்பேசிகளில் வேறுபாட்டை நீளத்தாலும் எண்ணிக்கையாலும் காட்டினேன்: தட்டுக்கு நீண்ட அதிர்வு, விரலுக்குக் குறுகிய ஒன்று, வீச்சுக்கு அடுத்தடுத்து இரண்டு குறுகிய அதிர்வுகள். விரலுக்கான நீளத்தை மிகவும் குறைத்தால் மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் நேரம் முடிந்து எதுவும் உணரப்படுவதில்லை என்பதால், 35 மில்லிவினாடிக்குக் கீழே போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மோட்டார் எழும் தாமதம் கவலைக்குரியதன்று. எல்லா அட்சரமும் ஏறத்தாழ ஒரே அளவு பிந்துவதால் இடைவெளி மாறாமல் நிற்கிறது. திரையில் ஒளிரும் கையின் படத்தை மட்டும் அதற்கேற்பச் சற்றுப் பிந்தச் செய்தேன்.

ஐபோன் பக்கம் வேலை இனிமையாக இருந்தது, ஆனால் மேக் கணினியும் உண்மையான கைப்பேசியும் இல்லாமல் அது நடக்காது. கணினியில் ஐபோனைப் போல இயங்கும் சிமுலேட்டரில் அதிர்வு கிடையாது. ஐஓஎஸ் 13 முதல் உள்ள கோர் ஹாப்டிக்ஸ் என்ற அதிர்வு நிரலகம், ஐபோன் 8 முதலான கருவிகளில் இயங்குகிறது. அதில் ஒவ்வோர் அதிர்வுக்கும் செறிவு, கூர்மை என்று இரண்டு அளவுகள் உண்டு, இரண்டும் 0 முதல் 1 வரை. தட்டுக்குச் செறிவு 1, கூர்மை 0.8, விரலுக்குச் செறிவு 0.4, கூர்மை 0.5. வீச்சுக்குக் கணநேர நிகழ்வை விட்டுவிட்டு, 0.12 வினாடி நீடிக்கும் தொடர் நிகழ்வைக் குறைந்த கூர்மையில் வைத்தேன். கை காற்றில் திரும்பும் அந்த வழுவழுப்பு அப்படியே கிடைத்தது. இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சுழற்சிக்கு அட்வான்ஸ்டு பேட்டர்ன் பிளேயரில் லூப் வசதி இருக்கிறது. கடைசி வீச்சுக்குப் பின் வரும் மௌனமும் தாளத்தின் பகுதி என்பதால், நிமிடத்துக்கு 60 அட்சர வேகத்தில் லூப் முடியும் இடம் 8 வினாடி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் சமம் முன்கூட்டியே வந்துவிடும்.

ஐபோனில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. செயலி பின்னணிக்குப் போனால் ஹாப்டிக் எஞ்சின் நின்றுவிடும். திரும்பி வரும்போது அதை மறுபடி தொடங்க வேண்டும். அதேபோல், வாசிப்பைப் பதிவு செய்யும் வசதியைச் சேர்த்ததும் அதிர்வு மௌனமாகிவிட்டது. ஒலிப்பதிவு நடக்கும்போது அதிர்வை ஐஓஎஸ் தானாகவே அடக்கிவிடுகிறது. ஆடியோ செஷனில் அதை அனுமதிக்கும் அமைப்பை இயக்கியதும் சரியாயிற்று.

நகரப் பேருந்தில் திருப்பரங்குன்றம் வழியாக வரும்போது சோதித்ததில், பேருந்தின் குலுக்கலில் விரல் எண்ணிக்கை முற்றிலும் மறைந்து தட்டு மட்டுமே நின்றது. சாதகம் யாரும் பேருந்தில் செய்வதில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் இருக்கும் தவில் கலைஞர் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, சமம் நல்லாத் தெரியுது, ஆனா தவிலு அடிக்கையில உடம்பே அதிருதே, அதுல இது எங்க தெரியும்?" என்றார். தவிலுக்கு இடுப்பு உதவாது என்பது அவர் சொன்ன பிறகே புரிந்தது. தோளுக்குப் பின்னால் துணியில் கட்டிப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்போது சாபு தாளங்களைச் சேர்த்து வருகிறேன். மிஸ்ர சாபுவின் மூன்றும் நான்குமான பிரிவுகளும், கண்ட சாபுவின் இரண்டும் மூன்றுமான பிரிவுகளும் நேர்கோட்டு இயக்கி உள்ள கைப்பேசிகளில் வேகத்திலும் தெளிவாக வருகின்றன. மோட்டார் உள்ளவற்றில் வேகம் கூடக்கூட ஒரு தட்டின் வால் அடுத்ததோடு ஒட்டிக்கொள்கிறது. அங்கே குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இடையில் உள்ள எண்ணிக்கைகளை நீக்கி, தட்டுகளை மட்டும் அதிரவிடும்படி நிரலை மாற்றியிருக்கிறேன்.