அப்பாவின் ‘சரி’யும் வீணாய்ப்போன எம்.ஆர்.ஐ. பயணமும்

உப்புவெளியிலிருந்து அதிகாலை இரண்டரை மணிக்கு வான் பிடித்து, கந்தளாயையும் ஹபரணையையும் கடந்து வேறொரு மாவட்டத்துக்குப் போய், மர வாங்கில் ஐந்து மணி நேரம் காத்திருந்து, எம்.ஆர்.ஐ. அறையின் வாசல்வரை சக்கர நாற்காலியைத் தள்ளிச் சென்ற பிறகு, ஒரு படம்கூட எடுக்காமல் அப்பாவைத் திரும்ப அழைத்து வந்தோம். வான் கூலி 22,000 ரூபாய். அந்தப் பணத்தை எப்படியோ சமாளித்துவிட்டோம். அந்த ஒரு நாள் பிசகியதால் இழுபட்ட பதினைந்து நாள்களைத்தான் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. பாரிசவாதம் வந்த ஒருவரை, அதிலும் எங்கள் பக்கத்தில் யுத்த காலத்தைக் கடந்து வந்த ஒருவரை, ஸ்கேனுக்குக் கொண்டுபோக இருப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு வானுக்குச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பாயிலிருந்து எழும்ப முயன்றபோது வலக் கையும் வலக் காலும் அசையவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்தோம், அம்புலன்ஸ் வந்தது, வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம்; அதுவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அங்கே இளம் வைத்தியர் ஒருவர், “எப்ப தொடங்கினது?” என்று கேட்டார். “ஆறு மணிக்கு” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவர்?” என்று கேள்வியை மாற்றினார். இரவு பத்து மணிக்குச் செய்தி பார்த்துவிட்டுப் படுத்தவர் என்று அம்மா சொன்னார். இரண்டு பதில்களுக்கும் இடையில் எட்டு மணி நேரம்! இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பதும், தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் கடைசியாக நலமாகக் கண்ட நேரத்திலிருந்தே கணக்கு ஓடும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். தூக்கத்தில் பாரிசவாதம் வந்தவர்களுக்கு உடனடியாக எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒருவகைப் படத்தில் சேதம் தெரிந்து மற்றவகைப் படத்தில் அது இன்னும் தெரியாமல் இருந்தால், நேரம் கடந்துவிடவில்லை என்று கொண்டு அந்த மருந்தை ஏற்றலாம் என 2018இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியிருப்பதைப் பின்னர் வாசித்தேன். அதற்கு எம்.ஆர்.ஐ. அந்த மணித்தியாலத்திலேயே கிடைக்க வேண்டும். எங்களுக்குத் திகதி கிடைத்தது ஒன்பதாம் நாளுக்கு.

முதல் சி.ரி. ஸ்கேன் காலையிலேயே முடிந்துவிட்டது. “இரத்தக் கசிவு இல்லை, சி.ரி. நோர்மல்” என்று வைத்தியர் சொன்னதைச் சித்தப்பா பாதியில் கேட்டுக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரத்துக்குள் லண்டனில் இருக்கும் மச்சான்வரைக்கும் “மூளையில ஒண்டும் இல்லையாம்” என்ற செய்தி பரவிவிட்டது. ஒன்றுமில்லை என்றால் எதற்காக வாட்டில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லியே எனக்கு அன்றைய பகல் போய்விட்டது. முதல் மணித்தியாலங்களில் எடுக்கும் சி.ரி. படத்தின் தலையாய வேலை, இரத்தக் கசிவு உண்டா இல்லையா என்று பார்ப்பதுதான்; புதிதாகக் கசிந்த இரத்தம் உடனே வெள்ளையாகத் தெரியும், ஆனால் இரத்தம் கிடைக்காமல் பாதிக்கப்பட்ட பகுதி இருண்டு தெரிவதற்குப் பல மணி நேரம் எடுக்கலாம். மறுநாள் எடுத்த இரண்டாவது படத்தில், மூளையின் இடப்பக்கத்தில் உள்ளங்கையால் அழுத்தி வைத்தது போன்ற கருமை இருந்தது. ஆகவே, வைத்தியர் சொல்லும் ‘நோர்மல்’ என்ற சொல்லை உறவினர்களிடம் ஒப்படைக்கும் முன்னர், எதில் நோர்மல் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நரம்பியல் நிபுணர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வேறு இரத்தக் குழாய்களின் பகுதிகளிலும் சிறு சிறு சேதங்கள் இருந்தால், இரத்தக்கட்டி இதயத்திலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் கொடுக்க வேண்டிய மருந்தே வேறு. புதிய சேதம் ஒருவகை எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் என்றும், அந்த வெளிச்சம் முதல் ஓரிரு கிழமைகளுக்குப் பிறகு மங்கத் தொடங்கும் என்றும், அதனால் ஒன்பதாம் நாள் நல்ல திகதிதான் என்றும் விளக்கினார்.

பிழை நடந்தது திகதி பதியும் கருமபீடத்தில். அடையாள அட்டைக்கும் நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் காட்டுக்கும் பிரதி இல்லாமல் பதிய முடியாது என்று அங்கிருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னதால், அப்பாவை அங்கேயே நாற்காலியில் விட்டுவிட்டு வீதியைக் கடந்து போட்டோக் கொப்பி எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது படிவம் முழுவதும் நிரப்பப்பட்டிருந்தது. இவ்வளவு சுறுசுறுப்பா என்று மகிழ்ந்தேன். அப்பாவுக்கு நோய் வந்த நாள் முதல் வாயில் வந்த ஒரே சொல் ‘சரி’. தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘சரி’, கோபம் வந்தாலும் ‘சரி’, வேண்டாம் என்று தலையை ஆட்டும்போதும் ‘சரி’. நாம் பேசுவது பெரும்பாலும் அவருக்கு விளங்கும். பதிலைத்தான் வாய்க்குக் கொண்டுவர முடியாது. நான் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில், “ஐயா, உடம்பில இரும்பு கிரும்பு ஒண்டும் இல்லைத்தானே?” என்று அந்த எழுதுவினைஞர் கேட்டிருக்கிறார். அப்பா “சரி” என்றிருக்கிறார். ‘இல்லை’ என்ற கட்டத்தில் அழகாக ஒரு சரி அடையாளம் விழுந்திருந்தது.

ஒன்பதாம் நாள், உடை மாற்றும் இடத்தில் அப்பா இடக் கையால் இடத் தொடையை அடிக்கத் தொடங்கினார். சிறுநீர் கழிக்க வேண்டுமாக்கும் என்று போத்தலைப் பிடித்தேன், தட்டிவிட்டார். நுளம்பு கடித்ததோ என்று சாரத்தை விலக்கிப் பார்த்தேன். “சரி, சரி, சரி” என்று சத்தமிட்டு இன்னும் வேகமாக அடித்தார். ஸ்கேன் எடுப்பவர் கதவருகில் நின்று அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இருந்த தழும்பின்மேல் விரலை வைத்து, “இது என்ன காயம்?” என்றார். 1990இல், நான் பிறப்பதற்கு முன்னர், செல் (எறிகணை) பட்ட காயம் என்றும் துண்டை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்ட கதை அதுதான். “எடுத்ததுக்குத் துண்டு இருக்கா?” என்று கேட்டார். இடம்பெயர்ந்த குடும்பத்திடம் 1990ஆம் ஆண்டின் வைத்தியசாலைத் துண்டுச்சீட்டைக் கேட்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. அப்பாவின் தொழிலைக் கேட்டார். எஞ்சின் வேலை, கிரைண்டரும் பிடிப்பார் என்றேன். “அப்ப கண்ணுக்கும் எக்ஸ்ரே வேணும்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பெயரை அழைத்தார்.

அன்று அவரைத் திட்டிக்கொண்டுதான் வானில் ஏறினேன். ஹபரணை வருவதற்குள் அவர் செய்தது விளங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் வழக்கமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வலிமையுள்ள காந்தம், பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. படம் எடுக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. உடம்பில் கிடக்கும் உருக்குத் துண்டை அது இழுக்கலாம், திருப்பலாம்; படம் எடுக்கும்போது அனுப்பும் வானொலி அலைகள் சூடாக்கலாம். தொடைத் தசைக்குள் முப்பது வருடமாகத் தழும்பேறிக் கிடப்பது ஒருவேளை அசையாமல் இருக்கும். பெரிய இரத்தக் குழாயை ஒட்டிக் கிடந்தாலோ, கிரைண்டரிலிருந்து தெறித்த ஒரு பொடி கண்ணுக்குள் இருந்தாலோ, கதை வேறு. அன்று அந்த வாசலில் இருந்தவர்களில், துண்டு இன்னும் தொடைக்குள் கிடப்பதைச் சரியாக அறிந்திருந்தவர் அப்பா ஒருவர்தான். அவர்தான் பேச முடியாதவர்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற வைத்தியர் பரிசோதித்த லெபோர்ன் என்ற நோயாளிக்கும் ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் வாயில் வரவில்லை. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவருடைய மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, புரோக்கா மேற்பரப்பில் கண்டதைவிடச் சேதம் மிக ஆழத்துக்கு இறங்கியிருந்தது என்று 2007இல் எழுதினார்கள். இறந்து ஏறக்குறைய 150 வருடமான லெபோர்னுக்கே திகதி கிடைத்துவிட்டது, எங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லையே என்று அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

எக்ஸ்ரேக்காக அடுத்து அலைந்த அலைச்சலை முழுவதும் எழுதினால் பக்கம் போதாது. வைத்தியரின் கடிதம் இல்லாமல் எக்ஸ்ரே இல்லை. கிளினிக் நாள் அல்லாமல் கடிதம் இல்லை. கிளினிக் நாளோ போயா விடுமுறையில் விழுந்தது. எல்லாம் கிடைத்துப் படத்தைப் பார்த்தபோது, தொடை எலும்புக்கு வெளிப்புறமாக, அரிசியளவில் ஒன்றும் கடலைப் பருப்பளவில் ஒன்றுமாக இரண்டு வெள்ளைத் துண்டுகள் கிடந்தன. “எல்லாம் எடுத்தாச்சு எண்டுதானே அப்ப சொன்னவங்கள்” என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். கண்களில் ஒன்றுமில்லை. துண்டுகள் பெரிய இரத்தக் குழாயிலிருந்து விலகி இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று கதிரியக்க நிபுணர் எழுதிக் கொடுத்தார். அந்த முடிவு அவருடையதாக மட்டுமே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செல் துண்டோடு எடுத்தார்கள் என்பதை நம்பி யாரும் போய்ப் படுக்க வேண்டாம். புதுத் திகதிக்குப் போனால், தவறவிட்டவர்கள் வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். அப்போதுதான், முதல் பயணத்தில் ஸ்கேன் எடுப்பவர் படிவத்தின் பின்புறத்தில் எழுதித் தந்திருந்த இரண்டு வரிகள் கைகொடுத்தன: நோயாளி வந்தார், உலோகச் சந்தேகத்தால் நாங்களே நிறுத்தினோம். அதைக் காட்டியதும் இருபத்துநாலாம் நாளுக்குத் திகதி கிடைத்தது. எந்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டாலும், காரணத்தை எழுத்தில் வாங்காமல் வராதீர்கள்.

இந்த இடைக்காலத்தில் உறவினர்களின் ஆலோசனைக்குக் குறைவிருக்கவில்லை. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் வார்த்தால் கை வந்துவிடும் என்றார்கள். எனக்கோ எம்.ஆர்.ஐ. படம் கிடைத்தால் கை வருமா வராதா என்று அதில் எழுதியிருக்கும் என்ற நம்பிக்கை; கன்னியாவை நம்பியவர்களைவிட நான் ஒன்றும் உயர்த்தியில்லை. உண்மையில் மூன்றாம் நாளே, வாட்டில் இயன்மருத்துவர் அப்பாவின் வலக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொல்லி, பிறகு விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். தோள் பாதிவரை எழுந்தது. விரல்கள் மெல்லத் திறந்தன. “பரவாயில்லை, இது நல்லது” என்று அவர் சொன்னதை நான் ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு முறையில், முதல் மூன்று நாளுக்குள் இந்த இரண்டு அசைவுகளுக்கும் தலா 5க்கு எத்தனை என்று புள்ளியிட்டு, கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் கை பயன்பாட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு நல்லதென்று கொள்கிறார்கள். முந்திய வடிவத்தில் எம்.ஆர்.ஐ.யும் ஒரு படியாக இருந்தது. 2017இல் திருத்தியபோது அதை எடுத்துவிட்டு, படுக்கையருகில் செய்யும் பரிசோதனைப் புள்ளியை வைத்தார்கள். நான் மாவட்டம் மாவட்டமாகத் தேடிய பதிலின் பெரும்பகுதி, ஒரு சதமும் செலவில்லாமல் மூன்றாம் நாளே கட்டிலடியில் கிடந்திருக்கிறது.

இருபத்துநாலாம் நாள் அதே வாசலில் அதே மனிதர் நின்றார். எக்ஸ்ரேயும் நிபுணரின் கடிதமும் கையில் இருந்தும், “ஐயா, உடம்பில இரும்பு இருக்கா?” என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா தொடையில் ஒரு அடி அடித்தார். வாயைக் கோணிக்கோணி, “இரு... இருக்கு” என்றார். நோய் வந்த பிறகு ‘சரி’ அல்லாமல் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் அது. பஞ்சு கொடுத்துக் காதை அடைத்து உள்ளே கொண்டுபோனார்கள்; அரை மணி நேரத்தில் முடிந்தது.

இடப்பக்கப் பெரிய சேதத்தோடு, சிறுமூளையிலும் ஒரு சிறு புள்ளி இருந்தது. அது எப்போது வந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியாதபடி, பளிச்சென்ற அந்த வெளிச்சம் அநேகமாக மங்கிவிட்டிருந்தது. ஒன்பதாம் நாள் எடுத்திருந்தால் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்று நிபுணர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் சந்தேகத்தின் பேரில் 24 மணி நேர ஈ.சி.ஜி. கருவி பொருத்திப் பார்த்ததில், இதயத் துடிப்பு இடையிடையே ஒழுங்கு தப்புவது பிடிபட்டு, மருந்து மாறியது. துண்டுகள் தெரியும் எக்ஸ்ரேயையும் நிபுணரின் கடிதத்தையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு கிளினிக் கொப்பியோடு தைத்து வைத்திருக்கிறேன். அப்பா இப்போது வலக் கையால் நட்டைப் பிடிக்கிறார். முறுக்குவதற்கு இடக் கைதான்.